அருமைநாயகியின் மூச்சு

1985 மாசியில் யாக்கோப்பு லண்டனில் வந்து இறங்கியபோது அவருடைய மனைவி அருமைநாயகி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது; அவளுடைய மூச்சு மட்டும் அவர் கக்கத்தில் இருந்த தோல் பைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பையை அமுக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண் முனகவும், மன்னிப்புக் கேட்டுவிட்டு வழிவிட்டார்.

ஹட்டனுக்கு மேலே, மேகம் அடுப்படிவரை வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் யாக்கோப்பின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பைக்குழல் ஊதியது. ஸ்காட்லாந்துத் துரை ஒருவர் விட்டுப்போன வாத்தியம் அது. சாவு வீட்டுக்கு ஊதுவதற்கு ஒரு முறை இருந்தது. பையை நிரப்பும் முதல் மூச்சை ஊதுகிறவனின் வீட்டுப் பெண்தான் கொடுக்க வேண்டும். ஊதி அனுப்பாத உயிர் போகாது. எண்பத்து மூன்று ஆடியில், அயல் தோட்டத்துச் சாவு ஒன்றுக்காக அருமைநாயகி பையை நிரப்பிக் கொடுத்தாள். அவர் பாதி வழி போவதற்குள் கலவரக்காரர்கள் அவர் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது பெட்டியில் எடுத்து வைக்க ஒன்றும் மிச்சமில்லை. பை மட்டும் நிறைந்திருந்தது. அவர் அழக்கூட இல்லை. மெழுகை உருக்கிக் குழல் வாய்களை அடைத்தார்.

குரோய்டனில் அகதி விசாரணையின்போது, எத்தனை பேர் வந்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு என்றார். மொழிபெயர்த்தவர் தன் பாட்டுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டார். மனோர் பார்க்கில், யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து வந்த விதவை லூர்தம்மாவின் மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. பகலில் பேக்கரி ஷிப்ட், இரவில் பைக்குப் பக்கத்தில் படுக்கை. குளிர் காலத்தில் பை இருமியது. லூர்தம்மா கொஞ்சமும் அசரவில்லை. “அண்ணை, மனிசிக்குச் சளி கட்டிப்போட்டுது. ஆவி பிடிச்சு விடுங்கோ,” என்று சுடுதண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணத்துக்கு ஊதக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஏலாது என்று கைவிரித்தார். தலைக்கனம் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

லண்டன் மழையைத் தாங்கிய தோல் ஹீட்டரைத் தாங்கவில்லை. 1996 பங்குனியில் தையல் ஓரம் வெடித்தது. எவ்வளவு எண்ணெய் தடவியும் மெழுகு பூசியும் காற்று நூல்போலக் கசிந்தது. அவள் இரண்டாம் முறை சாகப்போகிறாள், இந்த முறையும் சத்தமில்லாமல் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சோறு இறங்கவில்லை.

“பிடிச்சு வைக்க ஏலாது அண்ணை,” என்றாள் லூர்தம்மா. “சும்மா ஒழுகிப் போறதிலும் பார்க்க ஊதி அனுப்புங்கோ.”

“என் மூச்சு ஒரு பொட்டுக்கூடக் கலக்கக் கூடாதும்மா. கலந்துட்டா அவளால போக முடியாது. அவ மூச்சுலயே அவ போகணும்.”

சனிக்கிழமை பின்வளவில் தெருச் சனம் கறுப்பு உடுத்து நின்றது. அவர் மெழுகைச் சுரண்டி எடுத்தார், ஊதுகுழலை வாயில் வைக்காமல் முழங்கையால் பையை அமுக்கினார். சாவு மெட்டு எழும்பியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றினார். பதின்மூன்று வருடமாக நின்றுபோயிருந்த ஊர்வலம் அன்றுதான் நகர்ந்தது. அருமைநாயகி கொஞ்சம் கொஞ்சமாகப் போனாள். யாக்கோப்பின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடி இருந்தது. கடைசித் திருப்பம் மட்டும் மிச்சம். பை தளர்ந்தது, குரல் கம்மியது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நாற்பது வருடம் ஊதிய வாய், குரல் கம்மியதும் தானாகக் குழலைக் கவ்வி நெஞ்சு நிறைய ஊதிவிட்டது.

பை விம்மியது. அவர் குழலைத் துப்பிவிட்டுத் தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டார். “போக வுடாமப் பண்ணிட்டேனே! நானே பண்ணிட்டேனே!”

அன்றிலிருந்து பைக்குள் இரண்டு மூச்சு கேட்டது. வெடிப்பிலிருந்து எதுவும் கசியவில்லை, கசிந்ததெல்லாம் யாக்கோப்பிடமிருந்துதான். பை மாதாமாதம் பருக்க, அவர் படியேற முடியாமல் ஆனார், பிறகு பேச முடியாமல். வைத்தியர்கள் நெஞ்சில் ஒரு குறையும் காணவில்லை. 1998இல், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் அவரிடம் மூச்சு தீர்ந்தது.

லூர்தம்மா பையையும் பெட்டிக்குள் வைத்தாள். விவரம் கேட்ட பங்குச் சுவாமியார் சற்று யோசித்துவிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூசை வைத்தார். ஊத ஆளில்லாததால் யாரும் ஊதவில்லை. சவக்காலையில் அந்தக் குழிமேல் உள்ள புல் இன்றும் ஏறி இறங்குகிறது. புல் வெட்ட வருகிறவர் அது தாழும்வரை நின்று, வெட்டிவிட்டு, அடுத்த குழிக்குப் போகிறார்.