மலைக்குப் போகிற வழி

அமிர்தவல்லியின் வீடு போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில் இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மவுண்ட் ஹேரியட் மலை. அதற்குப் புதுப் பெயர் வைத்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வந்தது. கல்யாணமாகித் தீவுக்கு வந்த நாளிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் அரிசி களைந்தாள், பால் காய்ச்சினாள். ஆனால் ஒரு தடவைகூட மேலே போனதில்லை. சாத்தாம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறினால் எதிர்க்கரையில் பேம்பூ பிளாட், அங்கிருந்து ஒரு ஜீப் பிடித்தால் மலை உச்சியில் தேசியப் பூங்கா. அவ்வளவுதான் வழி. மெயின்லேண்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் வந்த மறுநாளே போய்ப் படமெடுத்து வந்து அவளிடமே காட்டினார்கள்.

"நாம ரெண்டு பேரும் தனியாப் போவோம் அமிர்தம். ஓடிப் போயிட்டு ஓடி வர்ற எடமா அது? காட்டுக்குள்ள காலாபத்தர் பாறை வரைக்கும் நடந்தே போவோம்" என்று அவள் கணவர் நாகலிங்கம் சொல்லி வைத்திருந்தார். அவர் ஜூனியர் இன்ஜினியர். நாலு வருஷமாகக் கார் நிக்கோபார் தீவில் வேலை. லீவு கிடைத்து, கப்பலில் டிக்கெட்டும் கிடைத்தால்தான் வருவார். மகள் ப்ரியங்கா திருச்சியில் படித்துக்கொண்டிருந்தாள். அமிர்தவல்லி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து, தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் போன் வரும். மலைக்கு எப்போது போகலாம் என்பதுதான் அந்தப் பேச்சில் பாதி.

போன வருஷம் மே மாதம் அவளே ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் லீவு, வானம் இன்னும் கெடவில்லை.

"இப்ப வேணாம்மா. பாரிஷ் ஆரம்பிக்கப் போகுது. அந்தக் காட்டுல மழை விழுந்தா அட்டை மேல ஏறும். உனக்கு அட்டையைக் கண்டாலே ஆகாது" என்றார் அவர்.

அவளுடைய அண்ணன் அன்பழகனும் அதையேதான் சொன்னான். டெய்ரி ஃபார்ம் பகுதியில் வீடு, கட்டடக் கான்ட்ராக்ட் தொழில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கச்சி வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். "மாப்ள சொல்றது சரிதான். போற ரோடே பல எடத்துல சரிஞ்சு கெடக்கு. ஜீப்புக்காரனே வரமாட்டேங்குறான்."

மழை வந்தது. ஜன்னலில் மலை இல்லாமல் போனது. விடிந்தால் வெள்ளையாக ஒரு திரை, அதற்குள் கப்பலின் ஊதல் மட்டும். ஆகஸ்டில் நாகலிங்கம் சாக்குப் பை நிறையத் தேங்காயோடு வந்து இறங்கினார். "கார் நிக்கோபார் தேங்காய், இங்க காசு குடுத்தாலும் இந்த ருசி வராது" என்றார். அவள் அதை அக்கம்பக்கத்து வங்காளி வீட்டுக்கும் தெலுங்கு வீட்டுக்கும் பெருமையாகக் கொடுத்தாள். இருந்த நாளெல்லாம் மழை. "குளிர் காலத்துல போவோம். அப்பத்தான் மேல இருந்து பாத்தா ஹேவ்லாக் தீவு வரைக்கும் தெரியுமாம்" என்று தேற்றிவிட்டு அவர் திரும்பினார்.

நவம்பரில் புயல் எச்சரிக்கை. டிசம்பரில் டூரிஸ்டுக் கூட்டம், ஒரு ஜீப் கிடைக்காது என்றார். ஜனவரி பக்கா என்றார். அவள் நடப்பதற்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி, பள்ளிக்கூடத்துக்கே போட்டுக்கொண்டு போய்ப் பழகினாள். ஜனவரி பிறந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, மலையில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. அவர் போன் செய்து, கப்பலில் டிக்கெட் இல்லை, பிப்ரவரி தாண்டிவிடும் என்றார்.

"அக்கா, இப்படியே போனா நீங்க ரிட்டயர் ஆயிட்டுத்தான் மலை ஏறுவீங்க" என்றாள் அகிலா. கூட வேலை பார்க்கிற டீச்சர், வயதில் சிறியவள், வாய் சும்மா இருக்காது. "இந்த ஞாயித்துக்கிழமை நாம போறோம். சார் வந்தா அவரோட இன்னொரு தடவை போங்க, யாரு வேணாங்குறா?"

அமிர்தவல்லிக்கு மனசு கேட்கவில்லை. அவரை விட்டுவிட்டுப் போவது துரோகம் மாதிரி இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் வாடும், அங்கே தனியாகக் கிடக்கிற மனுஷன். போய்விட்டு வந்து படங்களைக் காட்டி, இடம் பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த தடவை உங்களுக்கு நான்தான் வழி காட்டுவேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அண்ணனிடம் மட்டும், ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் வேலை இருக்கிறது, சாப்பாட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னாள்.

சாத்தாமில் காலை ஃபெர்ரி ஏறினார்கள். ஸ்கூட்டர்களும் காய்கறி மூட்டைகளும் ஆட்களுமாக நெரிசல். பேம்பூ பிளாட்டில் இறங்கியதும் அகிலா ஜீப்புக்காரனோடு ஹிந்தியில் பேரம் பேசப் போனாள். அமிர்தவல்லி ஜெட்டிக்கு எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைக்குப் பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மீன்காரியிடம் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆளின் முதுகு அவளுக்குத் தெரிந்த முதுகாக இருந்தது. லுங்கி, பனியன், கையில் துணிப்பை. அவர் ஏதோ சொல்ல, மீன்காரி "அரே சாப், ரோஜ் ஆதே ஹோ, ரோஜ் லட்தே ஹோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தினமும் வருகிறீர்கள், தினமும் சண்டை போடுகிறீர்கள் என்று. அவர் சிரித்தார். வாய்விட்ட சிரிப்பு. சிரித்தபடியே திரும்பியபோது, அது நாகலிங்கம்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதுதான் பின்னால் நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. டிக்கெட் கிடைத்து வந்துவிட்டார், நம்மை ஆச்சரியப்படுத்தத்தான் சொல்லவில்லை என்று எழுந்துகூட விட்டாள். அப்புறம்தான் அந்த லுங்கி கண்ணில் உறைத்தது. கப்பலில் வந்து இறங்கிய மனுஷன் ஏன் இந்தக் கரையில், பனியனோடு, தினமும் மீன் வாங்குகிறார்?

அவள் மறுபடி உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினாள்.

அவர் மடியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். மீன்காரிக்குக் கையைக் காட்டிவிட்டு, சத்தம் இல்லாத இடம் தேடி ஒரு பாதாம் மரத்துப் பக்கம் ஒதுங்கினார்.

"சொல்லு அமிர்தம். என்ன, இந்நேரத்துல?"

"சும்மாதான். எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன், குவார்ட்டர்ஸ்லதான். ராத்திரியிலேர்ந்து இங்க ஒரே மழை. கரண்ட்டும் இல்ல."

அவர் தலைக்கு மேல் வெயில் பளபளவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஃபெர்ரி புறப்படுவதற்காக ஊதியது. அவளுக்கு ஒரு காதில் நேராகக் கேட்டது, இன்னொரு காதில் போன் வழியாகக் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றாள்.

"கப்பல். நீ சாப்டியா?"

"இல்ல. என்ன மீன் வாங்குனீங்க?"

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி ஜெட்டியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், கடைசியில் டீக்கடையைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுக்கவே தோன்றாமல் நின்றார். அவள்தான் முதலில் போனை வைத்தாள்.

அவர் தங்கியிருந்த அறை கடைத்தெருவுக்குப் பின்னால், புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. அகிலா கீழேயே நின்றுகொண்டாள். அமிர்தவல்லி கண்ணால் ஒரு பெண்ணைத் தேடினாள். சேலை, வளையல், ஒரு தலைமுடிச் சிக்கு. ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கவிழ்த்து வைத்த ஒரே ஒரு தட்டு. ஜன்னலோரம் டப்பாவில் பச்சை மிளகாய்ச் செடி, அதற்கு அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தது. ஒரு பெண் இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அழவோ அடிக்கவோ ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

"எப்ப வந்தீங்க?"

"போன ஏப்ரல்ல ட்ரான்ஸ்ஃபர் ஆச்சு. இங்கதான் ஆபீஸ்." அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி பேசினார். "வேற ஒண்ணும் இல்ல அமிர்தம், சத்தியமா. நாலு வருசம் தனியா இருந்துட்டேனா, அது பழகிப் போச்சு. நெனச்சப்ப எந்திரிக்கிறது, நெனச்சதைப் பொங்கித் திங்கிறது. வீட்டுக்கு வந்தா எதாவது கேப்பே, எதாவது சொல்லணும். ஒரு மாசம் இப்படி இருந்துட்டு வந்துடலாம்னுதான் பாத்தேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொல்லச் சொல்ல அதுவே வளந்துருச்சு."

"நான் உங்களை அப்படி என்ன கேட்டேன்? மலைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன்."

அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. மலைக்குப் போகிற வழி இந்தக் கடைத்தெரு வழியாகத்தான். அட்டை, சரிந்த ரோடு, புயல், கூட்டம், டிக்கெட். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு காரணம் என்று வருஷம் முழுக்க அவர் அவளை இந்தக் கரைக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ரோடு சரிந்து கிடக்கிறது என்று சொன்னது அவர் மட்டும் இல்லையே.

"இந்த வீடு யாருது?" என்று கேட்டாள்.

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. படிக்கட்டில் பூசியிருந்த நீலப் பெயின்ட்டை அவள் அண்ணன் வீட்டுச் சுவரிலும் பார்த்திருக்கிறாள்.

கீழே வந்ததும் அகிலா, "திரும்பிப் போயிடலாமாக்கா?" என்றாள்.

"எதுக்கு? ஜீப் பேசிட்டேல்ல, ஏறு."

மேலே நல்ல காற்று. பெரிய பெரிய கர்ஜன் மரங்கள், நடுவில் சாலை வளைந்து வளைந்து போயிற்று. உச்சியில் குடும்பம் குடும்பமாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகிலா கையை நீட்டி அது கலங்கரை விளக்கம், அது போர்ட் பிளேர் என்று காட்டினாள். அமிர்தவல்லி காட்டிய பக்கமெல்லாம் திரும்பினாள். எதுவும் மனசில் ஏறவில்லை. ஜூலையில் ஒரு நாள் அடைமழையில் அவர் போன் பண்ணி, "அங்க மழையா? கொடியில துணி கெடந்தா எடுத்துரு" என்று சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அக்கறையாகக் கேட்கிறார் என்று அன்றைக்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் தலையிலும் அதே மழைதான் பெய்துகொண்டிருந்திருக்கிறது. ஜன்னல் வழியாக அவள் இருக்கிற கரையைப் பார்த்துக்கொண்டே கேட்டிருப்பார்.

காட்டுப் பாதையில் நடக்கலாமா என்று அகிலா கேட்டாள். "வேணாம்" என்றாள். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற மெயின்லேண்ட்காரக் குடும்பம் தங்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

அன்று சாயங்காலமே அன்பழகன் வந்தான். நாகலிங்கம் போன் பண்ணியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"தாயி, நான் சொல்றதைக் கேளு. மாப்ள கெட்ட வழிக்கெல்லாம் போகல. அது தெரிஞ்சதனாலதான் எடம் குடுத்தேன். இன்னும் கொஞ்ச நாள்ல தானே வந்துருவார்னு நெனச்சேன். ஆம்பளை கொஞ்சம் மூச்சு விடட்டுமேன்னு..."

"நான் அவர் மூச்சைப் புடிச்சேனாண்ணே?"

"அப்படிச் சொல்லல தாயி."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து என் கையால சாப்ட்டியே. அவரு அங்க ஒத்தையில என்ன திங்கிறாரோன்னு நான் பொலம்புனப்ப, நீ முள்ளு எடுத்துக்கிட்டுத் தலையாட்டுனியே."

அன்பழகன் தலையைக் குனிந்துகொண்டான். "உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவேன்னுதான்" என்றான்.

"இப்பக் கஷ்டப்படலையா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். அவன் வெகுநேரம் முன் அறையிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் காப்பி போடவில்லை. அண்ணன் வந்து அவள் காப்பி போடாதது அதுதான் முதல் தடவை. பிறகு அவன் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது.

பிப்ரவரியில் நாகலிங்கம் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். தாடி வைத்திருந்தார், இளைத்திருந்தார். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மாதிரி அதன் பிடியை விடாமல் நின்றார்.

"வந்துட்டேன் அமிர்தம். இனிமே எங்கயும் போகல."

அவள் கதவுக்குக் குறுக்கே நின்றாள். "கார் நிக்கோபார்லேர்ந்து வந்திருந்தா உள்ள வாங்கன்னு சொல்லியிருப்பேன். ஒரு வருசம் எதுத்தாப்புல இருந்துக்கிட்டு வராதவர் இன்னைக்கு ஏன் வரணும்? கண்டுபுடிச்சுட்டேன்னுதானே?"

"என்ன செய்யச் சொல்றே?"

"அங்கயே இருங்க. உங்களுக்குத்தான் பழகிப் போச்சே."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் நடந்தார். அவர் அவ்வளவு சீக்கிரம் திரும்பிப் போனதுதான் அவளை அன்றைக்கு மறுபடியும் அழ வைத்தது. இன்னும் ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் கதவை விட்டு விலகியிருப்பாளோ என்று அவளுக்கே நிச்சயமில்லை.

மகளிடம் அவளே போனில் சொன்னாள். ப்ரியங்கா, "அப்பா பாவம்மா. அவருக்கு எதோ டிப்ரஷனா இருக்கும். நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்றாள். அமிர்தவல்லி, "சரிம்மா, நல்லாப் படி" என்று சொல்லி வைத்தாள். மகளும் அந்தக் கரைக்குப் போய் நின்றுகொண்ட மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடம் கோடை லீவு விட்டது. அகிலா வந்து, இந்தத் தடவை காலாபத்தர் வரைக்கும் நடந்துவிடலாம், மழைக்கு முன்னால் போனால்தான் உண்டு என்றாள். அமிர்தவல்லி யோசித்தாள். பேம்பூ பிளாட் கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அவர் மீன் வாங்கிக்கொண்டு நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

"நிக்கட்டும்" என்றாள். "சனிக்கிழமை மொத ஃபெர்ரிக்கே போயிருவோம். வெயில் ஏறுறதுக்குள்ள மேல போயிரணும்."

"பயமா இல்லியாக்கா?"

"அட்டைக்கா? உப்பு எடுத்துக்கலாம்" என்றபடி அவள் சோற்றுக்கு உலை வைத்தாள்.