பின்பக்கம் தூக்கிய கார்

வரதராஜாவின் கார் வருடத்தில் இரண்டு தடவை உயரம் மாறும். நவம்பரில் இறங்கும், மே மாதத்தில் ஏறும். ஸ்பிரிங்குகளுக்குக் கீழே இருக்கும் வளையங்களைத் திருகினால் சரி. பூமியின் தென்பாதியில் குளிர் தொடங்குவது மேயில்தான்; தொடங்கினால் அவர் வேலை செய்யும் மரக்கறிப் பண்ணைக்குப் போகிற பாதை சேறும் பள்ளமுமாகிவிடும். பதிந்த காரென்றால் வயிறு உரசும். அதனால் ஏற்றுவார். கோடையில் பதிப்பதற்குக் காரணம் அழகு மட்டும்தான். தலைமயிர் போய், தொப்பை வந்த ஐம்பத்திரண்டு வயதில், அவரிடம் பார்ப்பதற்கென்று மிஞ்சியிருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

அதுதான் இப்போது தண்ணீருக்குள் தலையை விட்ட வாத்துப் போலப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நோபல் பார்க் புறநகரில் அருந்தவன் புதிதாகத் திறந்திருந்த கராஜின் வாசலில் அதைக் குறுக்காக நிறுத்திவிட்டு, இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினார். சீற்பெல்ட் இடையில் அகப்பட்டுக் கதவு திரும்பி வந்து முழங்காலில் இடித்தது. கோபம் இரட்டிப்பாயிற்று.

"டேய் அருந்தவன்! வெளியில வாடா!"

அருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இருபத்தைந்து வருடச் சிநேகிதன்.

"சனிக்கிழமை நாலு பக்கமும் சமனா ஏத்திட்டன் எண்டெல்லே சொன்னனீ? பார் இதை! பண்ணையில எல்லாரும் சுத்தி நிண்டு படம் எடுக்கிறாங்கள். லைற்றைப் போட்டால் வெளிச்சம் என்ர மூக்குக்கு முன்னால விழுது!"

"படம் அவங்கள் மட்டுமோ எடுத்தவங்கள்?"

அருந்தவன் போனை நீட்டினான். கோயில் வாட்ஸ்அப் குழு. இருநூற்றுப் பதினான்கு பேர். காலைத் தேநீர் இடைவேளையில் வரதராஜா போட்ட படம். கீழே, 'அருந்தவனின் கராஜுக்கு ஒருத்தரும் போகாதையுங்கோ. கார் ஏத்தத் தெரியாதவன் கராஜ் திறந்திருக்கிறான்.'

"திறந்து ஒண்டரை மாசம். இருந்த வேலையையும் விட்டுப்போட்டு இறங்கினனான். இதைப் பாத்திட்டு ரெண்டு பேர் வரேல்லை எண்டிட்டினம். எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமேடா?"

"பிழையைப் பிழை எண்டுதான் சொல்லுவன்! சிநேகிதம் வேற, சில்லு வேற!"

அந்த வசனம் அவருக்கே பிடித்திருந்தது. இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார். அருந்தவன் அதற்குள் அளவுநாடாவோடு குனிந்துவிட்டான். முன்சில்லு, பின்சில்லு. சனிக்கிழமை எழுதிய தாளை எடுத்துப் பார்த்தான்.

"முன்னுக்கு நான் வைச்ச அளவுதான் கிடக்கு. பின்னுக்கு மட்டும் மூண்டரை சென்றிமீற்றர் எழும்பியிருக்கு. அண்டைக்கு டிக்கி வெறுமையோ எண்டு கேட்டனான்."

"ஓம் எண்டனான்."

"நீ சொன்னால் சரி எண்டு திறந்து பாக்கேல்லை. உண்மையாச் சொல்லு. என்ன கிடந்தது?"

"ஒண்டும் கிட..."

வரதராஜாவின் வாய் பாதியில் நின்றது. இருபது கிலோச் சிவப்பரிசி மூட்டைகள் நான்கு. கேரம் டவுன்ஸ் கோயில் அன்னதானத்துக்கு நேர்ந்தவை. அழுக்குப் பட்டுவிடக் கூடாதென்று தோய்த்த வேட்டியால் மூடி வைத்திருந்தார். கடையில் ஏற்றிய நிமிடமே அது சிவனுடைய அரிசி. தன்னுடையதென்று நினைப்பதே பாவம் என்று மனதிலிருந்தும் இறக்கிவிட்டிருந்தார். சிவனுடைய அரிசியும் ஸ்பிரிங்கை அமத்தும் என்பது உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூட்டைகளை இறக்க, கார் எழும்பிவிட்டது.

"கோயிலுக்கு நேர்ந்த அரிசி," என்றார். "எண்பது கிலோ."

அருந்தவன் அளவுநாடாவைச் சுவரில் எறிந்தான். "எண்பது கிலோவை வைச்சுக்கொண்டு வெறுமை எண்டனீயோ? அதுக்குச் சமனா நான் ஏத்தி, ஊரெல்லாம் எனக்கு வேலை தெரியாதெண்டு எழுதி... மனுசனோடா நீ?"

வரதராஜாவுக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. திட்டுவதற்குத்தான் இப்போது தன்னைத் தவிர ஆளில்லை.

"அப்பிடி என்ன பெரிய நேர்த்திக்கடன்?" என்று கேட்டான் அருந்தவன்.

இந்தக் கராஜ் திறந்த அன்று, இவன் நிலைத்து நிற்கவேண்டுமென்று நேர்ந்த நேர்த்தி. அதை இப்போது சொன்னால் நாடாவுக்குப் பிறகு ஜாக்கிதான் பறந்து வரும்.

"என்ர முழங்காலுக்கு," என்று முழங்காலைத் தடவினார். அது உண்மையாகவே நொந்தது.

போனை எடுத்து, அதே குழுவில், அதே படத்துக்குக் கீழே தட்டினார். 'பிழை என்னில. டிக்கியில எண்பது கிலோ அரிசியை வைச்சுக்கொண்டு வெறுமை எண்டு சொன்னனான். அருந்தவன் சரியாத்தான் ஏத்தினவன்.'

அருந்தவன் தோளுக்கு மேலால் வாசித்தான். "நான் ஒரு விசரன் எண்டும் போடு."

போட்டார். அனுப்பிய மறுகணமே போன் சிரிப்புப் படங்களால் அதிரத் தொடங்கியது. சட்டைப் பையில் போட்டார்; நெஞ்சிலும் அதிர்ந்தது.

"காரை உள்ளுக்கு விடு," என்றான் அருந்தவன், முகத்தைப் பார்க்காமல்.

விட்டார்.

"டிக்கியைத் திற."

"வெறுமைதான் மச்சான்."

"திற எண்டனான்."

திறந்தார். மூலையில் ஒரு பிடி அரிசி சிந்திக் கிடந்தது. அருந்தவன் ஒரு அரிசிமணிகூட விடாமல் கூட்டியெடுத்து அவர் கையில் கொட்டிவிட்டு, ஜாக்கியை இழுத்தான்.