மழை பார்த்து வருகிறவர்கள்

1

இப்போதெல்லாம் ஆட்கள் பெற்ற அப்பன் வீட்டுக்கு வருவதற்கும் மழை பார்க்கிறார்கள். போனைத் தடவி, எந்த ஊரில் வெயில், எந்த ஊரில் தூறல் என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டி கட்டுகிறார்கள். லீவு கொடுக்கிறவன் கம்பெனிக்காரன், ஆனால் எங்கே போகலாம் என்று அனுமதி கொடுக்கிறது வானம். நடுவில் அப்பன் எதற்கு?

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. புவனேந்திரன் மாஸ்டர் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார், பள்ளிக்கூட மலருக்குக் கதை எழுதித் தரும்படி என்னை நச்சரித்தவர். அவர், "பொறாமைன்னு போடாதீங்க ஐயா, ஆதங்கம்னு போடுங்க" என்றார். ஆதங்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பொறாமை தெரியும். நெஞ்சுக்குழியில் பச்சை மிளகாயை அரைத்து வைத்த மாதிரி இருக்கும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஆபீஸில் இருபத்தாறு வருஷம் மழை அளந்தேன். காலை ஆறரைக்கு, ஆபீஸ் முற்றத்தில் நட்டிருக்கும் செம்புக் குழாயில் விழுந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, தோட்டத்தை நடத்துகிற துரைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வாழ்க்கையில் நான் எழுதியது அவ்வளவுதான். ஆகையால் நீளமாக எழுத வராது. பொய்யும் வராது. (இந்தக் கடைசி வசனத்தைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பச்சைப் பட்டுடுத்திய மலைகளின் நடுவே ஒரு முதியவர் தன் மகனின் வருகைக்காக...

விட்டுவிட்டேன். மலை பட்டு உடுத்தாது. தேயிலைக்குள் அட்டைதான் இருக்கும்.

அப்புறம் இப்படி:

றஹீம் என்பவர் பதுளையில் துணிக்கடை வைத்திருந்தார். அவருக்குத் தன் சம்பந்தி மேல்...

பெயரை மாற்றினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஆனால் றஹீம் முதலாளி உண்மையாகவே பதுளையில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு யார் மேலும் பொறாமை கிடையாது. நல்ல மனுஷன் தலையில் என் வியாதியைக் கட்டக் கூடாது. ஆகவே நானே வருகிறேன். பெயர் சின்னராசா. வயது எழுபத்திரண்டு.

3

மகன் தயாபரன் கட்டாரில் வேலை செய்கிறான். பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் அங்கேதான். மூன்று வருஷமாக வரவில்லை. இந்த வைகாசியில் ஹஜ்ஜுப் பெருநாள் லீவோடு சேர்த்துப் பத்து நாள் கிடைத்தது. பேத்தி பிரவீணாவுக்கு இப்போது ஏழு வயது.

இங்கே வழியைச் சொல்லியாக வேண்டும், வழியில்தான் வினை இருக்கிறது. கொழும்பிலிருந்து மலையேறும் ரோடு முதலில் பெரகலையைத் தொடும். அங்கே சந்தியில் என் சம்பந்தி பழனியாண்டியின் பலசரக்குக் கடை. கடைக்கு மேலே வீடு, டைல்ஸ் பதித்த குளியலறை. அதற்கப்புறம் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, அதையும் தாண்டி லுணுகலை, அதற்கும் மேலே குண்டும் குழியுமான தோட்டத்து ரோடு, அதன் கடைசியில் நான். என் மகன் என்னிடம் வர வேண்டுமென்றால் அந்த ஆளைத் தாண்டித்தான் வர வேண்டும்.*

* போன தடவை ஒரு நாள் தாண்டினான். மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். நான் பேத்தியைத் தூக்கியபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததாக அவளுக்கு நினைவிருக்காது.

வருவதற்கு ஒரு கிழமை முன்னால் தயாபரன் கேட்டான்: "அப்பா, பத்து நாளும் ஒரே எடத்துல தங்கலாம்னு பாக்குறோம். எந்தப் பக்கம் மழ, எந்தப் பக்கம் வெயில்? போன்ல ஒன்னும் சரியா காட்ட மாட்டேங்குது."

என் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. வைகாசியில் தென்மேற்கிலிருந்து வருகிற மேகம் பெரகலைச் சரிவில் முட்டி அங்கேயே கொட்டிவிடும். மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வெறும் காற்றுதான் வரும். இது உண்மை. இந்த உண்மை எனக்கு வசதியாகவும் இருந்தது, அது என் குற்றமா?

போனில் பேசி அனுப்பினேன்: "தம்பி, பெரகலப் பக்கம் தங்கிறாத. காலைல மூடுபனி, மத்தியானம் மழ, சாயங்காலம் ரெண்டும். துணி காயாது. எதுக்க வர்ற லொறி தெரியாது. இங்க ஒரு சொட்டு இல்ல, நல்ல வெயில். புள்ள நாள் பூரா வெளையாடலாம்."

என் சம்சாரம் பாக்கியலெட்சுமி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"மழையப் பத்திச் சொல்றீங்களா, சம்பந்தியப் பத்திச் சொல்றீங்களா?"

"மழையப் பத்தி."

"மழ மேல ஒங்களுக்கு இவ்வளவு கோவம் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

நான் முன்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன்.

4

மறுநாள் போன் வந்தது.

"அப்பா, பெரகலயிலயே தங்கிக்கிறோம்பா."

"டேய், மழைன்னு சொன்னேன்ல?"

"அதான்பா. நீங்க பேசுனத ஸ்பீக்கர்ல போட்டேன். பிரவீணா குதிக்கிறா, அந்த மழ ஊருக்குத்தான் போகணுமாம். இங்க நாப்பத்திமூனு டிகிரி. வெயில் பாக்கவா நாங்க பிளேன் ஏறி வர்றோம்?"

இருபத்தாறு வருஷம் மழை அளந்தவனுக்கு இது தோன்றவில்லை. எங்களுக்கு மழை என்றால் நனைந்த கொழுந்து, வழுக்குகிற மலை, ஒழுகுகிற தகரம். அதை ஒருத்தர் டிக்கெட் போட்டுத் தேடி வருவார் என்று தோட்டத்தில் பிறந்தவன் எவனும் நினைக்கமாட்டான். சம்பந்தி ஊரை மட்டம் தட்டி நான் சொன்ன வார்த்தையெல்லாம் அவருக்கே விளம்பரமாகப் போய்விட்டது.

5

அவர்கள் வந்தார்கள். தாண்டவில்லை. நாலாம் நாள் முகம் தெரிகிற மாதிரி போன் எடுத்தார்கள். பின்னால் வெள்ளையாக மூடுபனி, கடை வாசலில் மழை ஊற்றுகிறது. என் பேத்தி குடைக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நனைகிறாள். பழனியாண்டி தான் நனைந்துகொண்டு அவளுக்குக் குடை பிடிக்கிறார்.

"சம்பந்தி! நீங்க சொன்ன மாதிரியே கொட்டுது! ஒங்க வாய்க்குச் சக்கர போடணும்!"

"போடுங்க, போடுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

மாஸ்டர் இந்த இடத்தில் பென்சிலால், சம்பந்தி பாத்திரம் தட்டையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். நேரில் கேட்டேன்.

"தட்டையா? அவருக்குத் தொப்ப இருக்கு மாஸ்டர்."

"அதில்ல ஐயா. அவரு நல்லவரா, கெட்டவரான்னு தெரியல."

முதலில் அவரைத் தராசில் கள்ளம் பண்ணுகிறவராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் கள்ளம் பண்ணுகிறவர் இல்லை. தீபாவளிக்கு எனக்கு வேட்டி அனுப்புகிறார். அதுதான் கஷ்டம். கெட்டவன் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம். நல்லவனிடம் பொறாமைதான் பட முடியும்.

(இது கதைக்கு வெளியே: எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளை மழை கேட்டாள் என்பது நிஜமா? எங்கள் குளியலறை வெளியே இருக்கிறது, ரோடு மோசம், போனில் சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். இதையெல்லாம் மகன் அப்பனிடம் சொல்ல முடியாது. மழையைச் சொல்லலாம். வானிலை என்பது மனம் நோகாமல் சொல்லக்கூடிய சாக்கு. நானே எத்தனை கல்யாணத்துக்கு மழை என்று...)

6

முடிவு வைக்க வேண்டுமாம். மூன்று எழுதினேன்.

முதலாவது: கிழவன் பஸ் ஏறிப் பெரகலைக்குப் போகிறான். பேத்தி ஈரக் கையால் அவன் கன்னத்தைத் தொடுகிறாள். மாஸ்டருக்கு இது பிடித்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதனாலேயே எனக்கு நம்பிக்கையில்லை.

இரண்டாவது: மழை விடாமல் பெய்து பெரகலை ரோட்டில் மண் சரிகிறது. எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு காய்ந்த பக்கத்துக்கு, என் சுண்ணாம்பு அடித்த அறைக்கு வருகிறார்கள். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அரைப் பக்கம் தாண்டிய பிறகுதான், மண் சரிகிற அந்த ரோட்டில் பிரவீணாவும் இருக்கிறாள் என்று உறைத்தது. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மூன்றாவது முடிவு இல்லை, நடக்கிறது. நாளை மறுநாள் அவர்களுக்குப் பிளேன். நேற்றுத் தயாபரன் போன் எடுத்தான்: "நாளைக்கு நீங்களும் அம்மாவும் இங்க வந்துருங்கப்பா. இங்கருந்தே கெளம்புறோம்." மருமகள் போனை வாங்கி, "வாங்க மாமா, அப்பாவும் கூப்பிடுறாரு" என்றாள். பிள்ளையிடம் கொடுத்தார்கள். அவள், "தாத்தா, நீங்கதான மழ எங்கன்னு சொன்னது?" என்றாள். நான் இருமிக்கொண்டு போனைப் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டேன்.

பாக்கியம் இன்று காலை முதல் பஸ்ஸில் போய்விட்டாள். ஒரு டப்பா முறுக்கும் என் ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு போனாள்.

"என் ஸ்வெட்டர எதுக்குடி கொண்டு போற?"

"அங்க குளுரும். நீங்கதான சொன்னீங்க?"

"நான் வரலன்னேன்ல?"

"ஒங்கள யாரு கூப்பிட்டா? ஸ்வெட்டரத்தான் கூப்பிட்டேன்."

வெளியே நான் சொன்னபடியே வெயில் அடிக்கிறது. ஒரு சொட்டு இல்லை. சரியாகச் சொன்னதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலாவதைத்தான் எடுப்பீர்கள், தெரியும். படித்த ஆட்களுக்கு அதுதான் பிடிக்கும். பிள்ளை மழைக்காகத்தான் போனாள் என்று மாஸ்டர் நம்புகிறார், பாக்கியம் நம்புகிறாள், பழனியாண்டி சத்தியமே செய்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இரண்டரைக்கு லுணுகலையிலிருந்து ஒரு பஸ் இருக்கிறது. செருப்பை மாட்டிவிட்டேன். அதற்காக, பஸ்ஸுக்குத்தான் போகிறான் என்று யாரும் எழுதிவிட வேண்டாம், நான் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒரு தாத்தாவை விட்டுவிட்டு மழையைக் கேட்டாள் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. இதை எழுதுகிற கொப்பியை மூடாமல் எழுந்து போகிறேன்.