இரண்டால் வகுக்காத விடை

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று ரசம் சாதம் சாப்பிடும்போது என் மனைவி சுபாஷிணி அழுதாள். அதிவேகத்தில் துகள்கள் மோதினால் புதிதாக எத்தனை துகள்கள் பிறக்கும் என்று தாளில் கணக்கிடுவது அவள் வேலை. அழவைக்கிற வேலை என்று நான் நினைத்ததில்லை.

'கரோல் பாக்கின் மீது பனிமூட்டம் கவிந்திருந்த ஒரு...'

(வேண்டாம். தில்லிக் கதை என்றாலே பனிமூட்டம். அலுத்துவிட்டது.)

2.
மூன்று வருடங்களுக்கு முன் அவளும், அவளோடு ஆராய்ச்சி செய்யும் இளைஞன் அர்விந்தும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறக்கும் துகள்கள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால், இடம் மாற்றி இருமுறை எண்ணக்கூடாது. விடையை இரண்டால் வகுக்க வேண்டும். சுபாஷிணி மறந்துவிட்டாள்; நேற்றுதான் அது அவள் கண்ணில் பட்டது. யானைக்கும் அடி சறுக்கும். அதற்காகத்தான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: இருவரும் தனித்தனியாகக் கணக்கிட்டு, கடைசியில் விடைகளை ஒப்பிடுவது.

"எனக்கும் அதே ஆன்ஸர்தான் அக்கா, பக்கா," என்றானாம் அன்று அர்விந்த்.

(இங்கே அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அப்போது அவன் அப்பா மருத்துவமனையில் கிடந்தார்.)

3.
"அவன் கணக்கே போடலை," என்றாள் சுபாஷிணி. "நேத்து தாளைக் காட்டுன்னேன். 'ஸாரி அக்கா, உங்க விடையைத்தான் எழுதினேன்'னான்."

"திருத்தம் அனுப்பிடேன்."

"அனுப்பினா விடை பாதியாயிடும். சோதனையோட பொருந்தாது. திங்கக்கிழமை அவனுக்கு இன்டர்வியூ, இந்தப் பேப்பரைத்தான் நம்பிப் போறான். செவ்வாய் வரைக்கும் பொறுங்கக்கான்னு கெஞ்சறான்."

"அப்போ பொறு."

"அச்சா! அதே வேலைக்கு இன்னும் நாலு பேர் வராங்களே, அவங்க?"

4.
முடிவு அ: இன்றே அனுப்புகிறாள். அர்விந்துக்கு வேலை கிடைக்கவில்லை.

முடிவு ஆ: செவ்வாய்க்கிழமை அனுப்புகிறாள். வேலை கிடைத்த அர்விந்த் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து மணி அடிக்கிறான். கதவைத் திறக்க...

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் என் மனைவி தூங்கவில்லை.

5.
அர்விந்த் இதே தில்லியில், மோதி பாக்கில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் பெயரைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. திருத்தக் கடிதம் அவள் லேப்டாப்பில் திறந்தே கிடக்கிறது. "நீ அனுப்பறியா? என்னால முடியலை," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கும் கை வரவில்லை. எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த பையன்.

விஷயம் தெரிந்தவர்களில் அவன்மேல் பாசம் இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள், அனுப்பட்டுமா?