அண்ணன் என்ற சீட்டு

உலகத்தில் உள்ள இணையப் பக்கங்கள் எல்லாம் எங்கள் மண்டிக்குத்தான் மூட்டையாக வருகின்றன. இறக்கி அடுக்குவது நாங்கள். மூட்டைக்கு மூட்டை கயிறு கட்ட வேண்டும். கயிற்றில் இரண்டுக்கும் என்ன உறவு என்று சொல்லும் சீட்டு தொங்க வேண்டும். குடை மூட்டைக்கும் மழை மூட்டைக்கும் நடுவே 'தடுப்பது' என்று இருக்கும். எங்கோ ஒருவர் தேடினால் கயிறு இழுபடும், மூட்டை போய்ச் சேரும். கயிறு இல்லாத மூட்டை இருந்தும் இல்லாததுதான்.

எனக்குக் கயிறு இல்லை.

இன்று நாலு மணிக்கு என் தங்கச்சி பஞ்சவர்ணம் என்னைத் தேடப்போகிறாள் என்று பலகையில் போட்டிருந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். முப்பது வருஷமாக அவள் எந்த ஊர் என்று தெரியாது. மணி மூன்றரை.

பதிவு மேசைக்கு ஓடினேன். ஓட ஓட நடைபாதை நீண்டது. இரண்டு பஸ் நிறுத்தம் தாண்டித்தான் மேசை வந்தது.

"மேடம், எனக்கு ஒரு கயிறு குடுங்க."

"நீங்க இருக்கீங்களா?" என்றார் எழிலரசி மேடம்.

"இந்தா, முன்னாடி நிக்கிறேனே."

"அது எனக்குத் தெரியுது. மூட்டைங்களுக்குத் தெரியணும்ல? ரெண்டு வந்து சொல்லணும்."

உப்பு பற்றிய மூட்டை வந்தது. அணைக்கட்டு பற்றிய மூட்டையும் வந்தது.

"இவரு தோள் எலும்பு எனக்குப் பழக்கம்" என்றது உப்பு.

"எனக்கும்தான். ஒருதடவ கீழ போட்டாரு" என்றது அணைக்கட்டு.

மேடம் அதையும் எழுதிக்கொண்டு கயிறு தந்தார்.

சீட்டில் 'அண்ணன்' என்று எழுதினேன். புள்ளி வைக்க மூன்று நிமிஷம் ஆனது. அது நகர்ந்துகொண்டே இருந்தது. சுவரில் பஞ்சவர்ணம் பெயருக்கு நேராக ஓர் ஓட்டை. கயிற்றின் ஒரு நுனியை அதற்குள் விட்டேன். உள்ளே யாரோ வாங்கிக்கொண்டார்கள். மறுநுனியை இடுப்பில் கட்டினேன்.

கூட மூட்டை தூக்கும் சீனிச்சாமி எட்டிப் பார்த்தான். "என்னா மாமா, லாரி முடிச்சு போட்டிருக்க?"

குனிந்து பார்த்தேன். கை பழக்கத்தில் போட்டுவிட்டது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. சரக்கு இறக்க அதுதான் தோது.

"அவுத்துக் கட்டு மாமா!"

"நாலு அடிச்சிருச்சு மாப்ள!"

கயிறு விறைத்தது. முடிச்சு அவிழ்ந்து ஓடியது. நான் பாய்ந்து நுனியை இரண்டு கையாலும் பிடித்தேன். தரையோடு இழுபட்டேன். ஓட்டை என் அகலத்துக்கு வாயைத் திறந்தது.

"விட்றாத மாமா!" சீனிச்சாமி பின்னால் குதித்தான்.

விடவில்லை. கயிற்றின் வழியாக ஒரு பெண் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"அண்ணே, நீதானா? என்னா கனம் கனக்குற!"

"நான்தான் புள்ள!" என்று கத்தினேன். "குனியாத. முதுக நேரா வச்சு இழு!"