அஜாகோவின் பாகம்

செவ்வாய்க்கிழமை அஜாகோ 260 பாகத்தில் சூட்டுத்தண்ணீரைத் தொட்டான். நான் 310-இல் தொட்டேன். ஒரே நாள், ஒரே குடா. அன்றுதான் முதன்முறையாக நடுக்குடாவில் அருகருகே இறக்கினோம்; கடல்பனியில் நாங்கள் வெட்டிய இரண்டு துளைகளுக்கும் நடுவே நூறு அடி தூரம்கூட இருக்காது.

சூட்டுத்தண்ணீர் என்றாலும் ஒரு டிகிரிதான். மேலே இருக்கும் கடல் பூஜ்யத்துக்கும் கீழே கிடப்பதால் அது எங்களுக்குச் சூடு. உப்பு கூடிய அந்த நீர் அடியில் நகர்ந்து வந்து, குடாவின் முடிவில் கடல்மேல் மிதந்து நீளும் பனியாற்றின் நாக்கைக் கீழிருந்து தின்கிறது. நாக்கின் முன்னே கடலடியில் ஒரு மேடு; அதன் உச்சி ஐந்நூறு மீட்டர் ஆழத்தில். சூட்டுத்தண்ணீர் அதற்குக் கீழேயே நின்றால் பயமில்லை. அதற்கு மேல் ஏறிவிட்டால் மேட்டைத் தாண்டி நாக்கின் அடிக்குப் போய்விடும்.

இதை அளக்க ஆய்வாளர் ரிக்கே எங்கள் இருவரையும் வைத்திருக்கிறார். குளிர்காலம் முழுவதும் கிழக்குப் பக்கம் என்னுடையது, மேற்கு அவனுடையது. ஆழமானி குளிரில் செத்துவிட்டது. அதனால் ஹாலிபட் மீன் பிடிக்கும் கயிற்றில் வெப்பமானியைக் கட்டி, இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம் என்று, விரித்து விரித்து எண்ணி இறக்குகிறோம்.

கோடையில் நாக்கின்மேல் முகாம் போடுவார்கள். அதில் ஊர்க்காரர் ஒருவருக்குத்தான் இடம். அது எனக்கு வேண்டும். அதற்காகவே மாலைப் பள்ளியில் கணக்குப் படிக்கிறேன். அஜாகோ ஒரு நாள்கூட அந்தப் பக்கம் வந்ததில்லை. என் பெரியம்மா மகன். நாய்கள் அவன் பேச்சைக் கேட்கும். ரிக்கே அவன் பேச்சுக்குச் சிரிப்பார். என் பேச்சுக்குத் தலையாட்டுவார்.

அன்று காபி குடிக்கும்போது அவன் கேட்டான்: "என்ன துகுமெக், உனக்கு மட்டும் தனியா ஆழமான கடல் போட்டிருக்காங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கு எண்ணத் தெரியும்," என்றேன்.

"தெரியும் தெரியும். ரொம்பத் தெரிஞ்சதாலதான் அம்பது சேர்த்து எண்ணிட்ட."

"ஒரு நாள் எண்ணிக்கை தப்பறது சகஜம்," என்றார் ரிக்கே. அந்த அன்பு அவன் கேலியைவிட வலித்தது.

புதன்கிழமை மூன்று முறை இறக்கினேன். 310, 311, 310. அப்படியானால் தப்பு அவனுடையது என்று முடிவு செய்தேன். அதைப் பிடிக்க வேண்டும் என்றே, உலர்ந்த மீனும் காபிக் குடுவையும் எடுத்துக்கொண்டு அவன் துளைக்குப் போனேன்.

"எனக்கா? என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான்.

அவன் இறக்க இறக்க மனதுக்குள் நானும் எண்ணினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. 260. பிறகுதான் கைகளைப் பார்த்தேன். அவன் விரித்தால் துளையின் இரு கரையையும் தாண்டிப் போகிறது.

எங்கள் ஊரில் அவரவர் கயிறு, அவரவர் பாகம். மீன் கிடைத்த ஆழத்தை யாரும் இன்னொருவருக்குச் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. ஆகவே எண்ணை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றியதே இல்லை.

பள்ளியிலிருந்து அளவு நாடா வாங்கி வந்தேன். என் பாகம் 1.50 மீட்டர். அவனை ஏமாற்றிக் கைவிரிக்க வைத்தேன்: 1.79. அவரவர் எண்ணிக்கையோடு பெருக்கினால் இருவருக்கும் 465 மீட்டர். ஒரே ஆழம். ரிக்கேயோ எல்லோருக்கும் 1.80 போட்டுத்தான் பெருக்கி வந்திருக்கிறார். அவனுக்கு அது பொருந்திவிட்டது. எனக்கு 558 வந்தது. உண்மையில் சூட்டுத்தண்ணீர் மேட்டின் ஐந்நூறுக்கு மேலே ஏறிவிட்டிருந்தது.

கிழக்குப் பக்கம் முழுவதும் என் எண்கள். அங்கே நாக்கின் விளிம்புக்கு அருகில் கடல்பனிமேல் மூன்று குடும்பங்கள் கூடாரம் அடித்து மீன் பிடிக்கின்றன. என் மாமா குடும்பமும் ஒன்று. சூட்டுத்தண்ணீர் மேட்டுக்குக் கீழே நிற்கிறது என்று நான் சொன்னதை நம்பித்தான் போனார்கள். நாக்கு உடைந்தால் அவர்கள் காலடிப் பனியும் சேர்ந்து போகும்.

சொன்னால் இடம் அவனுக்கு. ஒரு மணி நேரம் அதை மட்டும்தான் நினைத்தேன். கூடாரங்களை அதற்குப் பிறகே நினைத்தேன். இந்த வரிசையில் எழுத வெட்கமாக இருக்கிறது.

வியாழன் காலை, அவனும் இருக்கும்போதே ரிக்கேயிடம் நாடாவை நீட்டினேன். "என் கை குட்டை. குளிர்காலம் பூரா நான் கொடுத்ததெல்லாம் தப்பான ஆழம்."

ரிக்கே வேகமாகப் பெருக்கினார். வரைபடத்தில் மேற்கைப் போலவே கிழக்கு விளிம்பும் சிவப்பானது. "அஜாகோ, நாய்களைச் சறுக்குவண்டியில் பூட்டு."

மதியத்துக்குள் மூன்று கூடாரங்களும் பிரிக்கப்பட்டன. மாமா முனகிக்கொண்டே வந்தார்: "உன் கை வளர்ற வரைக்கும் நான் எங்கடி மீன் பிடிக்க?"

நாக்கு இன்னும் உடையவில்லை. முகாம் இடம் அஜாகோவுக்குத்தான். ஊரில் கயிறு இறக்கும் எல்லோருடைய பாகத்தையும் அளந்து எழுதும் வேலை எனக்கு.

இன்று அவன் முறை. நெஞ்சை நிமிர்த்தி, விரல் நுனிகளை இழுத்து நீட்டினான். நாடா 1.81 காட்டியது.

"போட்டுக்கோ," என்றான்.

"மூச்சை விடு," என்றேன்.

விட்டான். 1.79 என்றே எழுதினேன்.