மனசில் ஏழு, கையில் அஞ்சு

திங்கட்கிழமையிலிருந்து இரண்டாம் வகுப்பில் மனசில் வைத்த எண்கள் நிஜமாகவே மனசுக்குள் போய்விடுகின்றன. எண் எவ்வளவோ அவ்வளவு பிள்ளைகளும் கூடவே போய்விடுகிறார்கள். ஜெசிந்தா டீச்சர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கை முடித்தால் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். பாடம் முடிக்கிற அவசரம்தான் அவளுக்கு.

புதன்கிழமை மத்தியானம் முப்பிடாதியை எழுப்பி நிறுத்தினாள். ஏழும் ஐந்தும் கூட்ட வேண்டும்.

“ஏழ மனசுல வை. அஞ்ச கையில வை.”

முப்பிடாதி வைத்தாள். கடைசி பெஞ்சிலிருந்த ஏழு பேர் அவள் மனசுக்குள் போனார்கள். முன் பெஞ்சிலிருந்த ஐந்து பேர் வந்து அவள் விரல்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே போன ஏழு பேரில் ஒருத்தி ஷைனி. ஷைனி டீச்சரின் மகள்.

“இப்ப எண்ணு.”

“ஏழு, எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு.” விரல்கள் தீர்ந்துவிட்டன.

டீச்சருக்குச் சுருக்கென்றது. மனசில் இருக்கிற ஏழையே திரும்ப எண்ணுவது இரண்டாம் வகுப்பின் பரம்பரைத் தப்பு. எட்டிலிருந்து அல்லவா ஆரம்பிக்க வேண்டும். எத்தனை வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்கிறாள். அதற்குள் பதினோரு பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். ஷைனியைக் காணவில்லை.

முப்பிடாதியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே யாரோ பென்சில் சீவிக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியரிடம் சொல்லலாம் என்று வராந்தாவில் நடந்தாள். அவர் அறை எப்போதும் இரண்டாவது கதவு. இன்று அது நாற்பத்தெட்டாவது கதவாக இருந்தது. வழியில் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு பிள்ளை அடி வாங்கிக்கொண்டிருந்தது. திட்டுகிற குரலை எங்கோ கேட்டதுபோல இருந்தது. இருபதாவது கதவில் அது தன் குரல் என்று தெரிந்தது. வேகமாக நடந்தாள்.

“மீதி எவ்வளவு?” தலைமையாசிரியர் நிமிரவில்லை.

“ஒண்ணு சார். எம் பொண்ணு.”

“மனசுலதான இருக்கா?”

“ஆமா சார்.”

“அப்ப ஆப்சென்ட் போட முடியாது.” ஒரு படிவத்தை நீட்டினார். பெற்றோர் கையெழுத்துக்கு ஓரிடம், வகுப்பாசிரியர் கையெழுத்துக்கு ஓரிடம். “ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது.”

“ரெண்டும் நாந்தான் சார்.”

“அதான் டீச்சர் பிரச்சினையே. நாலு மணி பெல்லுக்குள்ள கணக்க முடிச்சிருங்க. பெல் அடிச்சா, மனசுல இருக்கத எல்லாம் பிள்ளைங்க மறந்திரும்.”

திரும்பி ஓடினாள். வகுப்பு இரண்டே எட்டில் வந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

“முப்பிடாதி, கண்ணு, இன்னொருக்கா எண்ணு.”

கடைசி பெஞ்சு ஆறு பேரும் சத்தம் போடாமல் உள்ளே போனார்கள். ஷைனியோடு ஏழு. முன் பெஞ்சு ஐந்து பேரும் விரல்களைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் கையிலிருந்த ஸ்கேலையே முப்பிடாதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அதைக் கீழே வைக்கப் பார்த்தாள். கையை விட்டு வரவில்லை. ஐந்து விரல்களையும் விரித்து உதறினாள். ஸ்கேல் விழவில்லை.

தப்புக் கணக்குக்கு எல்லோருக்கும் ஓரடி. ஷைனிக்கு மட்டும் இரண்டு. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று நாளைக்கு ஒருவர் வாய் திறந்துவிடக் கூடாதே. பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடவும் கூடாது. எல்லாம் நியாயமான ஏற்பாடு என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

மறுபடி காதை வைத்தாள். பென்சில் சத்தம் நின்றிருந்தது. ஷைனி பேசிக்கொண்டிருந்தாள், முப்பிடாதியிடம்.

“ஏழுலருந்தே எண்ணுட்டி. எட்டுன்னு சொல்லிராத.”

“ஷைனி, அம்மாட்டி. வெளிய வா.”

“பள்ளிக்கூடத்துல டீச்சர்னுதான் கூப்பிடணும்” என்றது உள்ளேயிருந்து குரல்.

வராந்தாவில் பியூன் மணியடிக்கிற கட்டையைத் தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் முப்பிடாதியின் முன்னால் மண்டியிட்டாள்.

“எட்டுட்டி. எட்டுலருந்து.” இவ்வளவு மெதுவாக அவள் அந்த வகுப்பில் பேசியதே இல்லை.

முப்பிடாதி ஸ்கேலைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து தன் நெஞ்சுக்குள் கேட்டாள். கட்டைவிரலை மடக்கினாள்.

“ஏழு” என்றாள்.